பிடித்ததற்குக் கூலி

(பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் பார்த்தது, படித்தது, உடுத்தியது ஆகியவற்றில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்த என் மனைவி, "பிடிக்காததைப் பேசச் சொல்லியிருந்தா விடிய விடியப் பேசியிருப்பீங்க" என்றாள். (சிரிப்பு) அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குறை சொல்ல வாய் தானாகத் திறக்கும். பிடித்ததைப் பற்றிக் கேட்டால் "சூப்பர்" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். ஏன் பிடித்தது என்று அடுத்த கேள்வி வந்தால் ஆள் இருக்க மாட்டோம்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்து பிட்டராகவே பழுத்தவன். பி.ஓ.எச். என்றால் என்னவென்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஆல்கோ டீசல் இன்ஜின் உள்ளே வரும், அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்போம், தேய்ந்ததை மாற்றுவோம், திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்த்து அனுப்புவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு படமோ புத்தகமோ பிடித்துவிட்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. எந்த இடத்தில் இணைத்திருக்கிறான், எங்கே பிசிறு தட்டாமல் விட்டிருக்கிறான், எந்தப் பாகத்துக்கு அதிகம் உழைத்திருக்கிறான் என்று பார்ப்பேன். பிரித்த பிறகும் பிடித்திருந்தால்தான் என் பட்டியலில் சேரும். இன்று நான் சொல்லப்போவது அப்படித் தேறியவை மட்டும்.

பட்டியலுக்குப் போகும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இரும்படிக்கிறவனுக்கு ரசனை பேச என்ன உரிமை என்று இளைஞர்கள் நினைக்கலாம். தம்பிகளா, தமிழ்நாட்டில் வெள்ளித்திரை ஊர் ஊராகப் போனதே ஒரு ரயில்வே ஊழியரால்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் தென்னிந்திய ரயில்வேயில், இதே திருச்சியில் வேலை பார்த்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். உடம்புக்கு முடியாமல் அவர் ஊர் திரும்ப நினைத்தபோது, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு டென்ட் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார்.

இன்னொருவர் எஃப்.ஜி. நடேச ஐயர். அவரும் ரயில்வே அதிகாரி. 1914-இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு ஒரு சிறுவனைப் பிடித்து மேடை ஏற்றினார். அந்தச் சிறுவன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர். ஐயர் அதோடு நிற்கவில்லை. 1938-இல் வந்த 'சேவாசதனம்' எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம். அதில் அவருக்குக் கணவராக வரும் வயதானவர் நம் நடேச ஐயர்தான். சிறுவன் பாகவதர் வளர்ந்து 'ஹரிதாஸ்' படத்தில் நடித்தார். 1944 தீபாவளிக்கு வந்த படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பாட்டை விடுங்கள், அவருடைய தலைமுடியைப் பாருங்கள். பாகவதர் கிராப்பு என்று பெயர் வைத்து ஊரே வளர்த்துக்கொண்டு திரிந்தது. இன்றைக்கு ஸ்டைல் என்று பேசுகிற பிள்ளைகள் பாகவதருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, போய்ப் போடலாம். பக்கத்துச் சங்கிலியாண்டபுரத்தில் சிறுபிள்ளையாகத் திரிந்தவர் சிவாஜி கணேசன். ஆகவே நமக்கு உரிமை உண்டு.

இனி படங்கள். 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இரண்டு தமிழ்ப் படங்கள் ஒரே நாளில் வந்தன: பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி', மாரி செல்வராஜின் 'வாழை'. இரண்டும் என் பட்டியலில் உண்டு.

'கொட்டுக்காளி'யைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னண்ணே, மியூசிக்கே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அதனால்தான் பிடித்தது. ஓடுகிற இன்ஜினில் எங்கே கோளாறு என்று பார்க்கப் பழைய ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு கம்பியின் நுனியை இன்ஜின் உடம்பில் வைத்து, மறுநுனியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். அப்போது பக்கத்தில் யாராவது ரேடியோ போட்டால் அடிதான் விழும். அந்தப் படம் நம் காதில் அப்படி ஒரு கம்பியை வைக்கிறது. பேய் ஓட்டுவதற்காக ஒரு பெண்ணைக் குடும்பமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது. அவளுக்கு வேறொருவன் மேல் மனசு, அதுதான் பேய். அன்னா பென் வாயைத் திறப்பதே அபூர்வம். சூரிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரக்கிறார். மிச்சம் இருப்பது ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், காற்று, மனிதர்களின் கத்தல். பின்னணி இசை இருந்திருந்தால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் அழ வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்திருக்கும். இங்கே நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட இந்தப் படத்தைத் தயாரித்தவர் நம் திருச்சியில் வளர்ந்த சிவகார்த்திகேயன். தன்னுடைய படங்களில் வரும் பாட்டு, சண்டை எதுவும் இல்லாத ஒரு படத்துக்கு அவர் காசு போட்டார். அதற்கே அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். (கைதட்டல்)

'வாழை' வேறு மாதிரி. பள்ளிக்கூட லீவு நாளில் பிள்ளைகள் வாழைத்தார் சுமக்கப் போகிறார்கள். நமக்கு வாழை புதிதில்லை. காவிரிக் கரைக்காரர்கள் நாம். வாழைக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையமே திருச்சியில் இருக்கிறது. ஆனால் சந்தையில் தாரின் விலை கேட்கிற நாம், அதைச் சுமந்த கழுத்தின் கணக்கைக் கேட்டதில்லை. படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்தவன் அதை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறான்: ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றின லாரியின் மேலேயே உட்கார்ந்து போ என்கிறான். முடிவு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். யூனியனில் இருந்தவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். ஒரு கையால் ஏற்றிக் கொடுத்துவிட்டு மறுகையால் பாதுகாப்பைப் பிடுங்குகிற வித்தை பழையது. அதை ஒரு சிறுவனின் பசியின் வழியாகச் சொல்லியிருக்கிறார் மாரி செல்வராஜ். தன் சிறுவயதில் பட்டதையே எடுத்திருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து 'லப்பர் பந்து' வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதல் படம். ஜி கார்னர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பேட் தூக்கிய ஒவ்வொருவனும் அதில் தன்னைப் பார்த்திருப்பான். கெத்து என்கிற பேட்ஸ்மேன் எந்தப் பந்தில் தடுமாறுவார் என்று அன்பு என்கிற பையன் சின்ன வயதிலேயே கவனித்து வைத்திருக்கிறான். இயந்திரத்தின் பலவீனத்தைக் காதலோடு கவனிக்கிறவன்தான் நல்ல பிட்டர் ஆவான், நல்ல பவுலரும் ஆவான். சாதி பார்த்து ஒருவனை டீமில் சேர்க்காமல் விடுவதையும் படம் சிரிக்கச் சிரிக்கக் காட்டி, சிரிப்பு அடங்கும்போது சுருக்கென்று உறைக்க வைக்கிறது. 'பொன்மனச் செல்வன்' படத்தின் பழைய இளையராஜா பாட்டு ஒன்று, கெத்து மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒலிக்கும். விஜயகாந்த் ரசிகர்கள் எங்கள் தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சினிமாவை முடிக்கும் முன் ஒரு பொன்மலைப் பெருமை. 1998-இல் வந்த மணிரத்னத்தின் 'உயிரே' படத்தில் ஓடும் ரயிலின் கூரை மேல் ஒரு பாட்டு வரும். ஊர் உலகம் ஷாருக் கானையும் மலைக்கா அரோராவையும் பார்த்தது. அது நீலகிரி மலை ரயில். மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் பராமரிப்புக்கு எங்கே வரும்? இங்கே. பிற்காலத்தில் அதே வகை இன்ஜினை முழுக்கப் புதிதாகவே செய்து மலைக்கு அனுப்பியதும் இங்கேதான். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் நடக்கும். கமல்ஹாசன் நடிப்பைப் பார்த்து நாடே அழுதது. நம் ஆட்கள் அழுதுகொண்டே இன்ஜினையும் பார்த்தார்கள். (சிரிப்பு)

திரை போதும். நேரில் பார்த்ததில் எனக்கு முதலிடம் ஸ்ரீரங்கத்து அரையர் சேவைக்கு. மார்கழியில் பகல் பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, திவ்வியப் பிரபந்தத்தைப் பாடுவார்கள், அபிநயம் பிடிப்பார்கள், வியாக்கியானம் சொல்வார்கள். பாட்டு, நடிப்பு, உரை மூன்றும் ஒரே ஆளிடம். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாக மரபு. இன்று தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று மூன்று ஊர்களில்தான் இது நடக்கிறது, கற்றுவைத்திருக்கும் குடும்பங்களும் சில மட்டுமே. மைக் கிடையாது, மேடை விளக்கு கிடையாது. கூட்டத்தில் முண்டியடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே நாள்களில் ஸ்ரீரங்கத்தில் உடை அலங்காரத்தின் உச்சத்தையும் பார்க்கலாம். மூலவர் பெரிய பெருமாளுக்கு முத்தங்கி. பகல் பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருவார், மறுநாள் ஏகாதசிக்கு இரத்தின அங்கியில் பரமபத வாசல் கடப்பார். எனக்குப் பக்தி எவ்வளவு என்பது கிடக்கட்டும். ஒரு முத்து கூட இடம் மாறாமல் ஒரு திருமேனியில் பொருத்தும் அந்தக் கை வேலைக்கு எந்தப் பிட்டரும் தலைவணங்குவான்.

அடுத்து, புத்தகம். சென்ற சில ஆண்டுகளில் படித்தவற்றில் என்னை அதிகம் பிடித்து வைத்தது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நூல். வ.உ.சி.யைக் கைது செய்ததை எதிர்த்து 1908 மார்ச் 13-ஆம் தேதி திருநெல்வேலி மக்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தார்கள். பெரிய தலைவர்களைப் பற்றி எழுதக் காகிதம் நிறையக் கிடைக்கும். தெருவில் நின்ற சாதாரண ஆட்களைப் பற்றி எழுதப் பழைய கோப்புகளில் துளித் துளியாகப் பொறுக்க வேண்டும். இந்த ஆசிரியர் 1984-இல், பதினேழு வயதில், வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர். ஒரே மனிதரைப் பற்றி நாற்பது ஆண்டு வேலை! புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு ஆவணம் தாங்கி நிற்கிறது. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி, இதே பொன்மலைச் சங்கத் திடலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கூடி அஞ்சலி செலுத்துகிறோம். திருநெல்வேலியின் நால்வருக்கு இப்படி ஒரு புத்தகம் கிடைத்தது. நம் ஐவருக்கும் அதே உழைப்போடு ஒரு பிள்ளை எழுத வேண்டும். படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' மறுவாசிப்பு. பாட்டி வீட்டில் வளர்ந்த பையனின் கண்ணால் கீழச் சித்திரை வீதியும் கிரிக்கெட்டும் அழகான பெண்களும் அசடுகளும் மேதைகளும். சுஜாதா செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தவர், பிறகு எம்.ஐ.டி.யில் பொறியியல். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவருடைய முதல் கதை 1953-இல் திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' இதழில் வந்தது. ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. ஒரு உபரித் திருகாணி மிஞ்சினாலும் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்த பொறியாளர் அவர்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன், ஆண்களுக்கு இன்னும் அழுத்தமாக. நம் மாவட்டத்துத் துவரங்குறிச்சிக்காரர். முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் உள்வாசலில் பேசிக்கொள்கிற பேச்சைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். ஆண்கள் வந்தவுடன் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்பதால், அதைக் கேட்க நமக்குப் புத்தகம் ஒன்றே வழி.

பொழுதுபோக்குக்கு ஷெர்லாக் ஹோம்ஸையும் வைத்திருக்கிறேன். 1887-இல் வந்த அவருடைய முதல் கதையில், கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். நம் உறையூர்ப் பக்கத்துச் சரக்கு லண்டன் வரை போய்த் துப்புக் கொடுத்திருக்கிறது. சாம்பலை வைத்துச் சுருட்டைக் கண்டுபிடிக்கிற அந்த ஆளை நான் மானசீகமாக நம் ஷாப்பில் சேர்த்துக்கொண்டேன். (சிரிப்பு)

உறையூர் என்றதும் உடை ஞாபகம் வருகிறது. சுருட்டு பிறகு வந்தது, துணி அதற்கு ரொம்ப முந்தி. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்கிற கிரேக்கக் கடல் வழிக் குறிப்பு, ஆர்கரு என்று உறையூரைச் சொல்லி, அங்கிருந்து வரும் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்றும் கிடைத்தது. அந்த ஊரின் கைத்தறிச் சேலைதான் இந்தக் கோடையில் என் வீட்டில் ராஜா. கஞ்சி மொடமொடப்பு இரண்டு துவையலில் இறங்கி, பிறகு துணி தோலோடு பேசிக்கொண்டிருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். திருச்சி வெயிலில் அதைவிடப் பெரிய ஸ்டைல் எது?

கைத்தறியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டீர்கள் என்றால், கரையைப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்க முள் குச்சி போடுவார்கள். அது நகர நகர ஊசிமுனை அளவுத் துளைகள் கரையோரம் விழும், சற்று முன்பின்னாக. கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாவு ஓட்ட ஒருவர், தார் சுற்ற வீட்டுப் பெண்கள், தறியில் ஒருவர் என்று ஒரு குடும்பமே உழைத்தால்தான் ஒரு சேலை இறங்கும். விசைத்தறியில் அதே மாதிரி கட்டம் போட்டு, கைத்தறி என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்கிறார்கள். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985-இல் சட்டமே போட்டிருக்கிறது அரசு. சட்டம் இருந்தும் கடையில் நாம் கேட்கிற முதல் கேள்வி, "இதைவிடக் கம்மியா இல்லையா?"

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. போன மாதம் என் தங்கை மகன் செல்போனை நீட்டினான். "மாமா, நீங்க கேட்ட புக்கு ஓசியில வந்திருக்கு. பி.டி.எஃப். அனுப்பவா?" பாசத்தில் கேட்டான். நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "மாசக் கடைசியில உன் கம்பெனி, 'வேலை அருமை, சூப்பர்'னு சொல்லிட்டு சம்பளம் போடலேன்னா என்ன பண்ணுவே?" அவன் போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

முந்நூறு ரூபாய் புத்தகம் விற்றால் எழுதியவருக்குப் பத்து சதவீதம் என்று முப்பது ரூபாய் வரும். நாற்பது ஆண்டு உழைத்தவரின் முப்பது ரூபாயை நம் ஓசிப் பிரதி தின்றுவிடுகிறது. வந்த வாரமே திருட்டுத்தனமாகப் படம் பார்த்துவிட்டு, "தமிழில் ஏன் நல்ல படம் வருவதில்லை" என்று கேட்கிறோம். வாழைத்தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்து அதை வேறு வழியில் பிடுங்கிக்கொண்டவனைத் திரையில் பார்த்துத் திட்டிவிட்டு வெளியே வருகிறோம். அந்தத் திரைக்குப் பின்னால் உழைத்தவனுக்கு நாம் வைத்திருப்பது அதே கணக்குத்தான்.

வேறு ஊர்க்காரர்கள் இப்படிச் செய்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருக்காது. கூலி கேட்டு நின்ற ஊர் இது. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இங்கே வந்த அதே ஆண்டில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்த வேலைக்கு உரிய கூலி என்பதை நமக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை, அப்பாக்களும் தாத்தாக்களும் வாழ்ந்து காட்டினார்கள். நமக்குக் கேட்ட நியாயத்தைப் பாடுகிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் மறுத்தால், நாம் கேட்டது நியாயமே இல்லை, நம் பங்கு மட்டும்தான் என்று ஆகிவிடும்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கு என்று ஓய்வூதியக்காரர்களிடம் நான் சொல்ல மாட்டேன். நூலகம் இருக்கிறது, நூலகம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கிச் சுற்றில் விடலாம். வருஷத்துக்கு நாலு சேலைக்குப் பதில் இரண்டு கைத்தறி எடுக்கலாம். பத்துப் படம் பார்ப்பதற்குப் பதில் மூன்று படத்தைத் தியேட்டரில் பார்க்கலாம். குறைவாகத் தேர்ந்தெடுத்தால் நன்றாகத் தேர்ந்தெடுப்போம். எதை எடுப்பது என்று யோசிக்கிற அந்த நேரத்தில்தான் ரசனை வளர்கிறது. ஓசியில் குவிவதில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்: புத்தகம், டிக்கெட், துணி, எதுவானாலும் சரி. அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அதற்கான ரசீதைக் காட்டுங்கள். "சூப்பர்" என்று மட்டும் சொல்கிறவருக்கு அன்றைக்கு டீயும் வடையும் கிடையாது. (சிரிப்பு) ரசீது இல்லாதவர், அந்த டீச்செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.